சின்னதுரையின் காது

நீல விளிம்பு வைத்த வெள்ளை மங்கு ஒன்றை என் அடுப்படி அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். எனாமல் பூசிய இரும்புக் கிண்ணத்தைப் பினாங்கில் நாங்கள் மங்கு என்றுதான் சொல்வோம். அதன் அடிப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு உதிர்ந்து இரும்பு கறுத்துத் தெரியும். சிரட்டை அகப்பையால் காலையும் மாலையும் தட்டித் தட்டி ஏற்பட்ட வடு அது. தட்டியவள் என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவி. அவள் போனபிறகு சாமான்களைப் பிரித்தபோது நல்ல சேலைகளும் வெண்கலக் குடமும் யார் யாருக்கோ போயின. நான் இந்த மங்கையும் அகப்பையையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பார்த்தவர்கள் உருகிப்போய், ஓரகத்தி மேல் எவ்வளவு பாசம் என்று பேசிக்கொண்டார்கள். பாசமாவது, மண்ணாவது. அவளிடம் இருந்த பொருள்களிலேயே என் வயிற்றை அதிகம் எரித்தது இதுதான். அது வேறொருத்தி கைக்குப் போய்விடக் கூடாது என்றுதான் கேட்டேன்.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முந்தைய காலம். ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்தில் என் புகுந்த வீட்டுக்கு ஒரு சின்னத் தோட்டம் குத்தகையில் இருந்தது. நிலம் ஒரு சீனத் தவுக்கேயுடையது, அதாவது முதலாளியுடையது. அவர் குடும்பம் ஜார்ஜ் டவுனில் பெரிய வீட்டில் இருந்தது. கொஞ்சம் தென்னை, கொஞ்சம் ரம்புத்தான், நாலைந்து ஜாதிக்காய் மரங்கள், ஒரு பெரிய பலா, அதைத் தாண்டினால் ஓடை. ஓரகத்தியின் கணவர் துறைமுகத்துக்கும் என் கணவர் முனிசிபல் தண்ணீர்க்குழாய் வேலைக்கும் போய்விட, தோட்டமும் அதில் மேய்ந்த பன்றிகளும் பெண்கள் பொறுப்பு. நான் டத்தோ கிராமாட்டில் பால்மாடு வைத்திருந்தவர் மகள். பன்றி வளர்க்கும் வீட்டில் என்னைக் கொடுக்கிறார்கள் என்றதும் சொந்தக்காரர்கள், பன்றியோடு சேர்ந்த கன்றின் கதையை என் காதுபடவே சொல்லிச் சிரித்தார்கள். மாப்பிள்ளைக்கு முனிசிபல் வேலை என்று சொல்லி அப்பா எல்லோர் வாயையும் அடைத்தார். நான் வந்து சேர்ந்தபோது அங்கே முறைப்படி இரண்டு பேர் இருந்தார்கள்: மாமியார், ஓரகத்தி. பன்றிகளைக் கேட்டால் ஓரகத்தி ஒருத்திதான் இருந்தாள் என்று சொல்லியிருக்கும்.

அவள் பன்றியைக் கட்ட மாட்டாள், அடைக்க மாட்டாள். தோட்டத்தை மூங்கில் படலால் துண்டு துண்டாகப் பிரித்திருந்தாள். ஒரு துண்டில் பன்றிகளை விட்டால் அவை லாலான் புல்லை வேரோடு கிண்டிப் புரட்டிவிடும். கிண்டி முடித்ததும் படலைத் திறந்து அடுத்த துண்டுக்குக் கூட்டிப்போவாள். பழைய துண்டில் மரவள்ளியும் சீனிக்கிழங்கும் நடுவாள். கிழங்கு விளைந்ததும் வீட்டுக்கு வேண்டியதைத் தோண்டிக்கொண்டு மிச்சத்துக்குப் பன்றிகளை மறுபடி விடுவாள். மண்வெட்டி பிடித்து உழைக்க வேண்டிய வேலையை மூக்கால் உழைக்க ஆள் வைத்திருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ரம்புத்தான் காலத்தில் உதிர்ந்த பழமெல்லாம் அவற்றுக்கு. வெயில் ஏறினால் ஓடைத் திருப்பத்துச் சேற்றில் போய்ப் படுத்துக்கொள்ளும். குட்டிகளைத் தாயிடமிருந்து அவளாகப் பிரித்ததே இல்லை. "அது தானா மூஞ்சியால முட்டித் தள்ளும் பாரு, அப்ப எடுத்துக்கலாம். நமக்கென்ன அவசரம்" என்பாள்.

விற்கும் நாளிலும் அவளுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. கீழே சீனர் தோட்டங்களிலிருந்து போகும் பன்றிகளைப் பிரம்புக் கூடையில் திணித்துக் கம்பில் தூக்கிப்போவார்கள். அவை கத்துகிற கத்தலில் காலை நேரத்துப் பாதையே அதிரும். இவள் இறைச்சிக்கடைக்காரனிடம், "கூடையும் வேணாம், கயிறும் வேணாம். நானே கூட்டிட்டு வர்றேன். மத்ததுங்க கண்ணு முன்னால வெட்டாத, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, மங்கைத் தட்டிக்கொண்டே முன்னால் நடப்பாள். பன்றி பின்னால் நடக்கும். பாசார், அதாவது சந்தை வரைக்கும் ஒரு சின்ன ஊர்வலம் போல இருக்கும். சாகப்போவது சரிதான், பயந்து சாகக்கூடாது என்பது அவள் கணக்கு. டிராமில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். என்னை யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

ஒருநாள் அவள் பாசாருக்குப் போயிருந்த சமயம் நான் மங்கை எடுத்தேன். அவள் நிற்கும் பலாமரத்தடியில் நின்றேன். அவளைப் போலவே மூன்று தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. ஒன்றும் வரவில்லை. அவளுடைய கைலியை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து மறுபடி தட்டினேன். ஒரே ஒரு குட்டி தலையைத் தூக்கி என்னை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு மண்ணைக் கிண்டப் போய்விட்டது. மனிதர்கள் அலட்சியப்படுத்தினால் பொறுத்துக்கொள்ளலாம், காரணம் சொல்லிச் சண்டையாவது போடலாம். பன்றிக்குட்டியிடம் போய் என்ன கேட்பது? கைலியை அவிழ்த்து இருந்த இடத்தில் மடித்து வைத்தேன்.

பன்றிகள் மீதும் எனக்குப் பொறாமை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் இருவருக்குமே அப்போது பிள்ளை இல்லை. ஓரகத்திக்குக் கல்யாணமாகி நெடுங்காலம் ஆகியிருந்தது. என்னிடமும் விசேஷம் உண்டா என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஈனப்போகும் தாய்ப்பன்றி வாழைச்சருகையும் பலாச்சருகையும் வாயில் கவ்விக் கொண்டுவந்து, மரத்தடியில் தானே மெத்தை போட்டுக்கொள்ளும். ஓரகத்தி அந்தப் பக்கம் ஈ காக்கையை விடமாட்டாள். விடிந்து பார்த்தால் மடியோடு ஒட்டி ஒரு வரிசைக் குட்டி. மாமியார் அதைப் பார்த்துவிட்டு, எங்கள் இருவருக்கும் பொதுவாகக் காற்றில் சொல்லுவார்: "பன்னிக்குக்கூட கணக்கில்லாமக் குடுக்குறான். நம்ம வீட்டுல மட்டும் கைய மூடிக்கிட்டான்." ஓரகத்தி சிரித்தபடி தவிட்டைக் கரைப்பாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அவளால் எப்படிச் சிரிக்க முடிகிறது என்று அதற்கும் சேர்த்து எரிந்தது.

இனித் தவுக்கே வீட்டு விஷயம். சீனப் பெருநாள் பிறந்து ஒன்பதாம் நாள் அவர்கள் வானத்து ராஜாவுக்குப் பெரிய படையல் போடுவார்கள். கரும்பு கட்டி, பழம் அடுக்கி, நடுவில் முழுப் பன்றி. அந்தப் பன்றியைத் தவுக்கேயின் தாயார், அறுபது எழுபது வயது, மலாய் பேசும் நோன்யா வம்சத்துச் சீனக் கிழவி, தானே வந்து எங்கள் தோட்டத்தில் பார்த்து எடுப்பார். உடம்பில் தழும்போ கீறலோ இருக்கக்கூடாது. காது, வால், குளம்பு எல்லாம் முழுதாக இருக்க வேண்டும். எந்த மருமகள் வளர்த்த பன்றி போகிறதோ அவள் மாமியாரோடு அந்த வீட்டு முன்வாசல் வழியாகப் போவாள். நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு, சின்னப் பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி கொடுப்பார்கள். குத்தகைக்கார வீட்டுப் பெண்ணுக்கு அது சின்ன மரியாதை இல்லை. வருடா வருடம் போனவள் ஓரகத்திதான். வண்டியில் பலகை சாய்த்து அவள் முன்னால் ஏறி மங்கைத் தட்ட, பன்றி பின்னால் ஏறிக்கொள்ளும். நான் வாசலில் நின்று வண்டி திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரே ஒரு முறை அந்த நாற்காலியில் நான் உட்கார வேண்டும். என் வாழ்நாளில் அதைப்போல் எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

அந்த ஆண்டு ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு ஆண்குட்டிகளில் ஒன்றை எனக்கென்று மாமியாரிடம் கேட்டு வாங்கினேன். ஓரகத்தியிடம் இருந்த மற்றதற்குச் சின்னதுரை என்று பெயர் வந்துவிட்டது. ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னதுரையைப் போல வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று மேற்பார்வை பார்க்கும் என்பதால் மாமியார் வைத்த பெயர். என்னுடையதற்கு நானே பெரியதுரை என்று பெயர் வைத்தேன். கீழே சீனர்கள் வைத்திருப்பது போலப் பலகைத் தரை போட்ட கொட்டில் கட்டச் சொன்னேன். வாழைத்தண்டு, மரவள்ளி, தேங்காய்ப் பிண்ணாக்கு எல்லாவற்றையும் பெரிய குவாலிச் சட்டியில் வேகவைத்துக் கொட்டினேன். புகையில் கண் எரிய எரிய வேகவைத்தேன். பெரியதுரையும் என்னை ஏமாற்றவில்லை. படுத்தபடியே தின்று, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெருத்தது.

ஓரகத்தி ஒருநாள் கொட்டில் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கொஞ்ச நேரம் வெளிய விடேன் தங்கச்சி. காலு இருக்குதுல்ல அதுக்கு, நடக்கட்டும்லா."

"உங்க பன்னிய நீங்க பாருங்கக்கா. எம் பன்னிக்கு நடந்து எங்கயும் போக வேணாம்" என்றேன்.

அவள் கையிலிருந்த சீனிக்கிழங்குக் கொடியைப் பெரியதுரைக்குப் போட்டுவிட்டுப் போனாள். அது எழுந்து வந்து தின்றது. நான் போடும்போது அது எழுந்ததே இல்லை.

நோன்யா கிழவி வருவதற்குச் சில நாள் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமைக் காலை, ஓரகத்தி தலைக்குக் குளித்து ஈரச் சேலையோடு சின்னதுரையைக் கூட்டிக்கொண்டு ஓடைப்பக்கம் போனாள். அங்கே மரத்தடியில் எங்கள் முனியாண்டிக்கு ஒரு கல் நட்டு வைத்திருந்தோம். திரும்பி வந்தபோது சின்னதுரையின் இடது காது நுனி வெட்டப்பட்டு, மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தது. பார்த்ததும் எங்களுக்குப் புரிந்துவிட்டது. சாமிக்கு நேர்ந்துவிட்ட உருப்படிக்குக் காது வெட்டுவது வழக்கம். வெட்டிவிட்டால் அதை விற்கவும் முடியாது, வேறொருவருக்குக் கொடுக்கவும் முடியாது; வேண்டுதல் பலிக்கும் வரை அது தன் இஷ்டத்துக்குத் திரியும், பலித்தால் சாமிக்குப் பலியாகும். காது குறைந்த பன்றி வானத்து ராஜாவுக்கும் ஆகாது.

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி, தவுக்கே வீட்டுக்குப் போக வேண்டிய பன்னியாச்சே! ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"வேண்டிக்கிட்டேன் அத்தை."

"எதுக்குன்னு?"

அவள் சின்னதுரையின் காதிலிருந்து வழிந்த குங்குமத்தைத் துடைத்தாள். வேண்டுதலை வாய்விட்டுச் சொன்னால் பலிக்காது என்பார்கள். மாமியாரும் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? பிள்ளையில்லாதவள் எதற்கு வேண்டுவாள் என்று யாருக்குத் தெரியாது? எனக்கு அந்த நேரம் இரண்டு எண்ணம் ஒன்றாக வந்தது. இந்த வருடம் நாற்காலி எனக்குத்தான் என்பது ஒன்று. இவள் எனக்கு முன்னால் உண்டாகிவிடுவாளோ என்பது இன்னொன்று. முதல் எண்ணத்தின் சந்தோஷத்தை இரண்டாவது தின்றுவிட்டது.

கிழவி வந்தார். கம்பை ஊன்றிக் கொட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாகுஸ்" என்றார். நல்லது என்று அர்த்தம். ஜெயித்துவிட்டேன். ஆனால் பெரியதுரையால் பலகை ஏறவும் முடியவில்லை, வண்டி வரை நடக்கவும் முடியவில்லை. நாலடி வைத்து உட்கார்ந்துவிட்டது. கடைசியில் கூடைதான். எனக்குத் தெரிந்த எல்லாப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டும், வழியெல்லாம் அது கத்திய கத்தல் டிராம் சத்தத்துக்கும் மேலே கேட்டது. தவுக்கே வீட்டு முன்வாசல் வழியாகப் போனேன். நாற்காலி போட்டார்கள். பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி வந்தது. நான் அதை உதட்டில் வைக்கும் நேரம் கிழவி மலாயில் மாமியாரிடம் கேட்டார், மங்கு தட்டும் பெண் ஏன் வரவில்லை, அவள் சௌக்கியமா என்று. மாமியார் உட்கார்ந்து ஓரகத்தி புராணம் முழுவதையும் சொன்னார். கிழவி கேட்டுக் கேட்டுத் தலையாட்டினார். தேத்தண்ணி ஆறிப்போனது.

அதன்பிறகு நான் ஓரகத்தியின் முகத்தையும் வயிற்றையும் கண்காணிப்பதே வேலையாக இருந்தேன். அவள் காலையில் எச்சில் துப்பினால்கூட எனக்குப் பக்கென்றது. காது வெட்டிய சின்னதுரை தடுப்பார் யாரும் இல்லாமல் என் மிளகாய்ப் பாத்திக்குள் புகுந்து மேற்பார்வை பார்த்தது. சாமி உருப்படி மீது கை ஓங்கவும் பயம். இப்படியிருக்க, நாள் தள்ளிப்போனது எனக்கு. முதலில் நம்பவில்லை. நிச்சயமானதும் வீடு முழுக்கத் தேவையில்லாமல் நடந்தேன். ஓரகத்தி கண்ணில் படும்படி இடுப்பில் கை வைத்து நின்றேன். அவள் வேண்டுதலை முனியாண்டி காதில் போட்டுக்கொள்ளவில்லை, வேண்டாத எனக்குக் கொடுத்துவிட்டான் என்று நினைக்க நினைக்கக் கள் குடித்தது போல இருந்தது. அவள் எனக்கு இஞ்சி தட்டிப் போட்டு ரசம் வைத்தாள். தோற்றவள் செய்கிறாள் என்று வாங்கிக் குடித்தேன்.

பையன் பிறந்தான். அவன் குப்புற விழுந்து தவழத் தொடங்கிய சமயம் ஓரகத்தி மாமியாரிடம் வந்து நின்றாள்.

"அத்தை, வர்ற வெள்ளிக்கு முனிக்குச் செலுத்திறணும். பூசாரிகிட்டச் சொல்லிட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். "உங்களுக்கு ஒண்ணும் பலிக்கலியேக்கா, எதச் செலுத்துறீங்க?"

அவள் என் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் வாயிலிருந்த மண்ணைத் துடைத்தாள். "எனக்குன்னு யாரு சொன்னா? எனக்குத்தான் வயசு தாண்டிருச்சே. ஒனக்குன்னுதான் காது வெட்டுனேன்."

"எனக்கு வேண்டச் சொல்லி நான் கேட்டேனா?"

"நீ கேக்கல. வீட்டுல ஒண்ணு வேணும்ல" என்றாள், வீட்டில் உப்பு வேண்டும் என்பதைப் போல.

மாமியார் அழுதார், அவள் தாடையைத் தொட்டு முத்தினார். எனக்கு அழுகை வரவில்லை. நின்ற இடத்திலேயே எரிந்து போனேன். நாற்காலி அவள் விட்டுக்கொடுத்தது. சரி, போகட்டும். வயிற்றில் வந்ததுமா? வீட்டில் ஒன்று வேண்டும் என்றுதானே வேண்டியிருக்கிறாள், எனக்கு ஒன்று வேண்டும் என்று வேண்டவில்லையே என்று அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். இன்றுவரை விடவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. சின்னதுரை அதற்குள் வயதேறித் தடித்திருந்தது. குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, செம்பருத்தி மாலை போட்டார்கள். நாலு ஆள் பிடிக்கிறோம் என்று பூசாரியின் ஆட்கள் கயிறோடு வந்தார்கள். ஓரகத்தி கயிற்றை வாங்கிப் படலில் தொங்கவிட்டாள். மங்கில் பலாச்சுளை நிறைத்து, மூன்று தட்டு, ஒரு இடைவெளி, மூன்று தட்டு என்று தட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். மற்றப் பன்றிகளை முன்பே தூரத்துத் துண்டுக்கு மாற்றியிருந்தாள். சின்னதுரை ஒவ்வொரு மரத்தடியிலும் ஒருமுறை நின்று பார்த்தபடி அவள் பின்னால் போனது. கல்லுக்கு முன்னால் மங்கைத் தரையில் வைத்து அது தலை குனிந்ததும் அதன் கழுத்தில் கை வைத்து ஏதோ சொன்னாள். அது சுளையை மென்றுகொண்டிருக்கும்போதே பூசாரி வேலையை முடித்தார். ஒரு சத்தமும் இல்லை. என் பெரியதுரை கத்தியது எனக்கு அப்போது கேட்டது.

அவள் இனி அந்தக் கறியைத் தொடமாட்டாள், பட்டினி கிடப்பாள், எல்லோரும் அவளைத் தாங்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவள் தானே சமைத்தாள். முதல் துண்டை என் இலையில் வைத்தாள். பிறகு உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டாள். கண் சிவந்திருந்தது, ஆனால் சாப்பிட்டாள். "வளத்தவ திங்காம எந்திரிச்சா அது செத்ததுக்கு என்ன மரியாத" என்றாள். அதைக்கூட என்னால் அவளுக்கு எதிராகச் சொல்லிக்காட்ட முடியாமல் போனது.

பையன் நடக்கத் தொடங்கினான். நான் அடுப்படியிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். காதில் விழாதவன் போல மண்ணில் விளையாடுவான். பலாமரத்தடியில் மங்குச் சத்தம் கேட்டதோ இல்லையோ, குட்டிப்பன்றிகளோடு குட்டியாக விழுந்து எழுந்து ஓடுவான். அவள் முதலில் அவன் வாயில் ஒரு கிழங்குத் துண்டை வைத்துவிட்டுத்தான் மங்கைக் கீழே வைப்பாள். பெரியம்மா, பெரியம்மா என்று அவள் கைலியைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தான். ஜப்பான்காரன் வந்தான், பன்றிகள் போயின, தோட்டம் போனது. மங்கு மட்டும் அவளோடு வீடு வீடாக வந்தது. பன்றி இல்லாத வீட்டில் எதற்கு அது என்று கேட்டேன். "இருந்துட்டுப் போகட்டும்லா" என்றாள்.

இப்போது நானும் என் மகனும் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது, வேலையிலிருந்து ஓய்வும் வாங்கிவிட்டான். முன்னறையில் நாற்காலியில் சாய்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருப்பான். சாப்பிட வா என்று கூப்பிட்டால், "வர்றேம்மா" என்பான், நாற்காலி அசையாது. மறுபடி கூப்பிட்டால் மறுபடி அதே பதில். மூன்றாம் முறை எனக்குத் தொண்டை கட்டும், சோறு ஆறிப்போகும். போன தைப்பூசம் கழிந்து ஒருநாள், கோபத்தில் என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் அலமாரியிலிருந்து மங்கை எடுத்து அகப்பையால் தட்டினேன். மூன்று தட்டு, ஒரு இடைவெளி, மூன்று தட்டு.

நாற்காலி கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தால் அடுப்படி வாசலில் நிற்கிறான். ஏன் எழுந்து வந்தோம் என்று அவனுக்கே தெரியாத முகம். "என்னம்மா?" என்றான். நான் மங்கைக் கழுவி அதிலேயே சோற்றைப் போட்டுக் கொடுத்தேன். அவன் அடிப்பக்கத்துக் கறுப்பை விரலால் தடவிக்கொண்டே சாப்பிட்டான். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததே நல்லது, சொன்னால் அவள் பெயர்தான் வந்திருக்கும்.

அன்றிலிருந்து நான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மங்கைத் தட்டுகிறேன், சோறு சூடாக இருக்கும்போதே வந்துவிடுகிறான். ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. எரிந்தாலும் தட்டுகிறேன்.